கடித உறை ஒன்று, பிரிக்கப்படாதது

காப்பகத்து வாசலில் முதலில் பேனாவை வாங்கிக்கொண்டார்கள்.

"உள்ளே மை கூடாது சார். பென்சில்தான்" என்றார் பொருள் வைப்பறைக்காரர். பெரிய பதிவேடு ஒன்றைத் திருப்பி, 'பேனா, கறுப்பு, ஒன்று' என்று எழுதி, எண் போட்ட பித்தளை வில்லை ஒன்றைக் கொடுத்தார்.

மூடியைச் சரியாகத் திருகியிருக்கிறோமா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் போஸ்ட்மாஸ்டர் பேனாவை விட்டார். முப்பத்தாறு வருடம் அஞ்சல் இலாகாவில் இருந்தவர். ஓய்வு பெற்று இருபது வருடம் ஆகியும் தெருவில், வங்கியில், மருந்துக்கடையில் எல்லோருக்கும் அவர் போஸ்ட்மாஸ்டர்தான். சட்டைப்பையில் பேனா இல்லாமல் வெளியே இறங்கும் ஆண்களைப் பற்றி அவருக்குத் தனி அபிப்பிராயம் உண்டு. வாய் விட்டுச் சொன்னதில்லை. முகத்தில் காட்டுவதோடு சரி.

பேனாவுக்குப் பிறகு குடை போயிற்று. தண்ணீர் பாட்டில் போயிற்று. கைக்கு வெள்ளைக் கையுறை வந்தது. அப்புறம் படிவம். பேர், வயது, விலாசம் எல்லாம் பென்சிலால் நிரப்பினார். 'ஆளுமையுடன் உங்கள் தொடர்பு' என்ற இடத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன: ஆய்வாளர், பத்திரிகையாளர், ரசிகர், பிறர்.

"நான் அண்ணன்" என்றார்.

வாசிப்பறை அதிகாரி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு படிவத்தைப் பார்த்தார். நல்ல பெண்மணி. உதவி செய்ய வேண்டும் என்ற எண்ணம் முகத்தில் தெரிந்தது. "அண்ணன்னு கட்டம் இல்லையே சார். ரசிகர்னு போட்டுடட்டுமா?"

"கூடப் பொறந்தவனம்மா நான்."

"அப்ப பிறர்" என்று அவரே டிக் அடித்தார்.

அவருடைய தங்கை வானொலியில் முப்பது வருடம் நேயர் கடிதம் படித்தவள். மாலை ஐந்தரை முதல் ஆறு வரை. அந்தக் குரலைக் கேட்டு அடுப்பைக் குறைத்தவர்கள் உண்டு, சைக்கிளை நிறுத்தியவர்கள் உண்டு. ஒவ்வொரு கடிதத்தையும் படிக்கும் முன் அதை எழுதியவரின் விலாசத்தைக் கதவு எண்ணோடு முழுதாகச் சொல்வாள். ஏன் இப்படி நேரத்தைக் கடத்துகிறாய் என்று நிலையத்தில் கேட்டபோது, "ஒருத்தர் வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி கதவைத் தட்ட வேண்டாமா?" என்றாளாம். போன வருடம் செத்துப்போனாள். அவளுடைய காகிதங்களையெல்லாம், நாற்பத்து மூன்று பெட்டிகள், அவள் மகள் இந்த இடத்துக்குக் கொடுத்துவிட்டாள். கலை மற்றும் ஊடக ஆளுமைகளின் தனித்தாள் காப்பகம் என்று வாசலில் பலகை. செத்துப்போனவர்களின் டைரி, கடிதம், மூக்குக்கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் குளிரூட்டிய அறையில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

அந்தப் பெண், அதாவது தங்கை மகள், பதினைந்து நாளுக்கு முன் போன் செய்தாள். "மாமா, அவங்க பட்டியல் அனுப்பியிருக்காங்க. பதினேழாவது பெட்டியில உங்களுக்கு ஒரு கடுதாசி இருக்கு. பிரிக்காதது."

போஸ்ட்மாஸ்டருக்கு எந்தக் கடிதம் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

*

நாற்பத்தாறு வருடத்துக்கு முன் தங்கை வீட்டை விட்டுப் போய் வானொலி நாடகத்தில் சேர்ந்தாள். "நம்ம வீட்டுப் பொண்ணு சிரிக்கிற சத்தம் கண்டவன் வீட்டுக் கூடத்துல கேக்கணுமா?" என்றார் அப்பா. இனி அவள் பேச்சு இந்த வீட்டில் கூடாது என்றார். அப்பா சொன்னார், மூத்த மகன் செய்தான். அன்றைக்கு அவனவன் வீட்டில் அதுதான் வழக்கம். இன்றைக்கு உட்கார்ந்து அதைக் குறை சொல்வது சுலபம்.

ஆறு மாதம் கழித்து அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதுவும் அவர் போஸ்ட்மாஸ்டராக இருந்த அலுவலகத்துக்கே, அவரே அவிழ்த்த அஞ்சல் பையில் வந்தது. வேறு யாராக இருந்தாலும் கிழித்துப் போட்டிருப்பார்கள். அவர் நேர்மையானவர். சிவப்பு மையில் பின்பக்கம் 'பெற்றுக்கொள்ள மறுப்பு' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி முத்திரை குத்தி, அன்றைக்கு மாலைப் பையிலேயே திருப்பி அனுப்பினார். விதியில் எள்ளளவும் பிசகவில்லை. அந்த நேர்த்தியில் அவருக்கு அன்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பின்னாளில் அந்த அலுவலகத்துக்கு எதிரே முடிதிருத்தும் கடையில் ஒரு வானொலிப் பெட்டி வந்தது. மாலை ஐந்தரைக்குப் பையைக் கட்டி அரக்கு வைப்பது போஸ்ட்மாஸ்டர் வேலை. ஐந்து நிமிட வேலை. அவர் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும், ஓய்வு பெறும் வரைக்கும், அந்த ஒரு வேலை மட்டும் அவருக்கு அரை மணி நேரம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்தார் என்று யாரும் கேட்டதில்லை.

பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். நானூறு பக்கம். அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து படித்தார். மூன்றாம் பெட்டி: 'இருமல் மாத்திரை, பாதி, காகிதத்தில் சுற்றியது.' ஒன்பதாம் பெட்டி: 'தலைவலித் தைலப் புட்டி, காலி. மூடி இல்லை.' வீட்டுப் பெண் இருமினதையும் தலைவலியில் கிடந்ததையும் எண் போட்டு வைத்திருக்கிறார்கள். பதினோராம் பெட்டி: 'நேயர் கடிதங்கள், சுமார் பதினோராயிரம். அனைத்தும் பிரித்துப் படிக்கப்பட்டவை. ஆகவே சிறப்பு ஏதுமில்லை. மாதிரிக்கு இருபது வைத்துக்கொண்டு மற்றவை தக்க முறையில் அகற்றப்பட்டன.'

"அகற்றினதுன்னா?"

"எடைக்கு இல்லை சார்" என்றார் வாசிப்பறை அதிகாரி அவசரமாக. "கூழாக்கிட்டோம். இடம் வேணுமே. மாத்திரைக்குத் தனி அலமாரி தேவைப்பட்டுது."

பதினேழாம் பெட்டி: 'கடித உறை, ஒன்று. பிரிக்கப்படாதது. முன்பக்கம் பேனா ஓட்டிப் பார்த்த கிறுக்கல்கள். பெறுநர்: அண்ணன் (உயிருடன்).'

அந்தக் கடைசி வார்த்தையில் அவர் விரல் நின்றது.

"இதை எடுத்துக் குடுங்கம்மா. படிச்சுட்டுக் குடுத்துடறேன்."

"அதுல உயிரோட இருக்கிற ஒருத்தரைப் பத்தின அந்தரங்கச் செய்தி இருக்கலாம் சார். அவர் காலம் வரைக்கும் யாருக்கும் காட்டக் கூடாது. விதி."

"அந்த உயிரோட இருக்கிறவன் நான்தான்."

"அதனாலதான் சார் காட்ட முடியலை. உங்க அந்தரங்கம் வெளியே போயிடக் கூடாதில்லையா?"

"என் அந்தரங்கம் எங்கிட்ட வந்தா என்னம்மா?"

அதிகாரி இதை யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "சம்மதப் படிவம் இருக்கு. ஒன்பதாம் நம்பர். அதை நிரப்பினா உடனே குடுத்துடலாம்."

போஸ்ட்மாஸ்டர் படித்தார். 'மேற்படி ஆவணத்தை முழுமையாக வாசித்து, அதிலுள்ள செய்திகளை நன்கு உணர்ந்து, அதை நான் வாசிப்பதற்குச் சம்மதிக்கிறேன்.'

"வாசிச்சாத்தானே இதுல கையெழுத்துப் போட முடியும்? போட்டாத்தானே வாசிக்க முடியும்?"

"கரெக்ட் சார்!" அதிகாரியின் முகம் மலர்ந்தது. "எல்லாரும் இந்த இடத்துலதான் குழம்பிப்போவாங்க. நீங்க சட்டுனு புரிஞ்சுக்கிட்டீங்க."

வெளியே வரும்போது பதிவேட்டில் கையெழுத்துக் கேட்டார்கள். பேனா திரும்பக் கிடைத்ததற்கு. அவர் அதைப் பார்க்காமலே இரண்டு எழுத்து கிறுக்கிவிட்டு நடந்தார்.

*

அடுத்த வாரம் இயக்குநரைப் பார்க்கத் தங்கை மகளும் கூட வந்தாள். கொடுத்த பெட்டியைத் திருப்பிக் கேட்டுப் பார்க்கலாம் என்பது அவள் யோசனை. கொடுப்பதற்கு ஏழு படிவம் இருந்தது. கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

இயக்குநர் எழுந்து நின்று வரவேற்றார். போஸ்ட்மாஸ்டர்தான் அந்தப் பெறுநர் என்று முதலில் நிரூபிக்க வேண்டுமே என்றார். கண்ணாடித் தாளுக்குள் இருந்த உறையின் பின்பக்கத்தை மேசைமேல் வைத்தார். சிவப்பு மை பழுப்பேறியிருந்தது. முத்திரை மட்டும் நேற்றுக் குத்தியதுபோல் தெளிவாக இருந்தது. அந்தக் காலத்தில் முத்திரை குத்துவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"இதே வார்த்தையைப் பத்துத் தடவை எழுதிக் குடுங்க சார். எழுத்தை ஒப்பிட்டுப் பாக்கணும்."

வெள்ளைக் கையுறை போட்ட கையால் போஸ்ட்மாஸ்டர் எழுதினார். பெற்றுக்கொள்ள மறுப்பு. பெற்றுக்கொள்ள மறுப்பு. ஐந்தாவது வரியில் பென்சில் முனை ஒடிந்தது. வேறு பென்சில் கொடுத்தார்கள்.

"மாமா, போதும்" என்றாள் தங்கை மகள்.

"பத்துன்னாங்க" என்றார் அவர்.

குழு கூடியது. பக்கத்து அறையில் தேநீர்க் கோப்பைகளின் சத்தம் கேட்டது. அரை மணி கழித்து இயக்குநர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "எழுத்து ஒண்ணுதான். நீங்கதான் பெறுநர். சந்தேகமே இல்லை. ஆகவே, இதைப் பெற்றுக்கொள்ள மறுத்ததும் நீங்கதான். மறுத்த கடிதம் யாருக்குச் சார் சொந்தம்? உங்க இலாகா விதி, நீங்களே சொல்லுங்களேன்."

அஞ்சலக ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்து ஆயிரம் பேருக்கு அந்தப் பதிலைச் சொன்னவர் அவர். அழுதவர்களுக்கும் சொல்லியிருக்கிறார்.

"அனுப்பினவருக்கு."

"அவங்க இப்ப எங்க சேகரிப்பு" என்றார் இயக்குநர்.

தாழ்வாரத்தில் தங்கை மகளுக்கு அடக்க முடியவில்லை. "பொய்யாவது சொல்லியிருக்கலாமில்ல மாமா? நான் எழுதலைன்னு சொல்லியிருந்தா..."

"எழுதினவன் நான்தானேம்மா."

*

மூன்றாம் முறை அவரைக் காப்பகமே அழைத்தது. கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். உறையைப் பற்றிச் சில விவரம் வேண்டுமாம். கேட்க வந்தவள் ஓர் ஆய்வாளர், முப்பது வயதுப் பெண். 'பிரிக்கப்படாத உறைகளில் மௌனத்தின் மொழி' என்பது அவள் ஆய்வு. அறுநூறு பக்கம் எழுதி முடித்துவிட்டாள். முடிவுரைக்கு முன் ஒரு பக்கம் மட்டும் காலியாக விட்டிருந்தாள்.

"முதல் வாசிப்பு எனக்குத்தான் பதிவாகியிருக்கு சார்" என்றாள். "அதாவது, உரிய காலத்துக்கு அப்புறம்." நாற்காலியை மின்விசிறிக்கு நேரே இல்லாமல் தள்ளிப் போட்டாள். "சளி பிடிச்சுக்கும். சர்க்கரை, பிரஷர் ஏதாவது இருக்கா சார்?"

"ஒண்ணும் இல்லை."

"சந்தோஷம்" என்றாள். நல்ல பெண், சந்தோஷப்படத்தான் முயன்றாள்.

பிறகு உறையின் முன்பக்கத்தைப் பெரிதாக்கிய படம் ஒன்றை மேசைமேல் விரித்தாள். முன்பக்கத்தை அவர் நாற்பத்தாறு வருடமாகப் பார்த்ததில்லை. "இந்தக் கிறுக்கலைத்தான் கேக்கணும். பேனா மை வருதான்னு ஓட்டிப் பாத்ததுன்னு போட்டிருக்காங்க. நான் அதை மௌனத்தின் நடுக்கம்னு எழுதியிருக்கேன். எது சரி?"

போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

மேலே முதல் விலாசம், அப்பா வீட்டு விலாசம். அதன்மேல் ஒரே ஒரு கோடு. அதன் கீழே, சின்ன எழுத்தில், அவர் மாற்றலாகிப் போன இடத்தில் குடியிருந்த வாடகை வீடு. அதன்மேலும் ஒரே கோடு. அதன் கீழே ஓய்வு பெற்ற பிறகு கட்டிய வீடு. கதவு எண், குறுக்குத் தெரு, அஞ்சல் எண் எல்லாம் சரி. ஒரே கோடு. இடமில்லாமல் ஓரமாக, நடுங்கும் கையால், மனைவி போன பிறகு அவர் தனியாக இருக்கும் அடுக்குமாடி வீடு. இரண்டாம் மாடி, இடது பக்கம். அதன்மேல் கோடு இல்லை.

விலாசத்தைத் திருத்தும்போது கிறுக்கி அடிக்கக் கூடாது, ஒரே கோடு போட வேண்டும், பழசும் படிக்கத் தெரிய வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அப்போது அவளுக்கு எட்டு வயது.

"இது கிறுக்கல் இல்லம்மா" என்றார். "இது என் வீடு."

ஆய்வாளர் குறிப்பேட்டில் பென்சிலை வைத்தாள். ஒன்றும் எழுதவில்லை.

கூட வந்து சுவரோரம் நின்றிருந்த தங்கை மகள் கிட்டே வந்து படத்தைக் குனிந்து பார்த்தாள். "அத்தை இருந்த வரைக்கும் அவங்கதான் சொல்வாங்க மாமா. நீங்க வீடு மாறினா மறுநாளே போன் வரும். உங்களுக்குத் தெரிஞ்சா சத்தம் போடுவீங்கன்னு..." ஓரத்து வரியில் விரலை வைத்தாள். "கடைசி விலாசம் மட்டும் அம்மாவே வந்து பாத்தாங்க. நான்தான் கார்ல கூட்டிட்டு வந்தேன். கீழே நின்னு, நிமிர்ந்து பாத்து எழுதிக்கிட்டாங்க. மாடி ஏறலாம்மான்னேன். 'சொல்லாம கொள்ளாம போனா அண்ணனுக்குப் பிடிக்காது. எழுதிப் போட்டுட்டுத்தான் வரணும்'னாங்க."

"போட்டிருக்கலாமே" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"உறையோட பின்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பாப்பாங்க மாமா. அப்புறம் உள்ளே வெச்சுடுவாங்க."

*

கண்காட்சித் திறப்பு விழாவுக்கு அவரை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மண்டபத்தின் நடுவில் கண்ணாடிப் பேழை; அதில் வெல்வெட் துணிமேல் உறை. பின்பக்கம் மேலே தெரியும்படி வைத்திருந்தார்கள், சிவப்பு மை எடுப்பாக இருக்கிறது என்று. பக்கத்துப் பேழையில் பாதி இருமல் மாத்திரை.

இயக்குநர் பேசினார்.

"எங்களிடம் பல்லாயிரம் கடிதங்கள் வருகின்றன. எல்லாம் பிரித்துப் படிக்கப்பட்டவை. படித்த கடிதத்தில் என்ன இருக்கிறது? செய்தி இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இந்த உறையைப் பாருங்கள். இதில் எதிர்பார்ப்பு இருக்கிறது! இன்று இது நம் முன் முழுமையாக இருப்பதற்குக் காரணம் ஒரே ஒரு மனிதர். ஒரு நொடி அவர் மனம் இளகியிருந்தால், ஒரு ஓரத்தைக் கிழித்திருந்தால், நமக்கு இந்தப் பொக்கிஷம் கிடைத்திருக்காது. ஒரு சாதாரணக் குடும்பக் கடிதம்தான் மிஞ்சியிருக்கும். தங்கையின் கடிதத்தைப் படிக்காத அந்த மன உறுதியை இந்தக் காப்பகம் வணங்குகிறது!"

கைதட்டல் நிற்க வெகு நேரம் ஆயிற்று. பின்வரிசையில் சிலர் எழுந்து நின்றார்கள். உறையின் புகைப்படத்தைச் சட்டம் போட்டு அவர் கையில் கொடுத்தார்கள். ஒலிபெருக்கி முன் நிறுத்தினார்கள். தங்கை முப்பது வருடம் நின்ற இடம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது: முன்னால் ஒரு இரும்புக் குமிழ், அதற்கப்பால் முகம் தெரியாத ஆட்கள்.

அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். முதலில் நான்கு விலாசங்களையும் சொன்னார். கதவு எண்ணோடு, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். சபையில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கை மகள் மட்டும் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"இந்த உறையின் பின்பக்கம் ஒரு குறிப்பு இருக்கு" என்றார் அவர். "அதை எழுதினது நான். அது தப்பு. இலாகாவுல தப்பா குறிப்பு எழுதிட்டா, எழுதின அதிகாரியே ஒரு கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல சுருக்கொப்பம் வைக்கணும். எத்தனை வருஷம் ஆனாலும் வைக்கலாம். நான் கடுதாசியைக் கேக்கலை. படிக்கணும்னு கேக்கலை. அந்த ஒரு வரியை அடிக்கணும். அதை இங்கே குடுக்கிற பென்சிலால செஞ்சா செல்லாது. என் பேனா வாசல்ல இருக்கு. யாராவது எடுத்துட்டு வந்து குடுங்க."

கைதட்டல் முன்னதைவிடப் பலமாக எழுந்தது.

"என்ன அருமையான உருவகம்!" இயக்குநர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்கள் உண்மையிலேயே கலங்கியிருந்தன. "இதை அப்படியே பலகையில் எழுதி வைக்கப்போகிறோம் சார்."

"உருவகம் இல்லை. பேனா" என்றார் போஸ்ட்மாஸ்டர். ஒலிபெருக்கியை அதற்குள் அணைத்துவிட்டிருந்தார்கள்.

ஆய்வாளர் கைதட்டவில்லை. படிக்கட்டில் அவள் அவரிடம் வந்து தயங்கி நின்றாள். "முதல் வாசிப்பை நான் ரத்து பண்ணிட்டேன் சார். அதை உங்க பேருக்கு மாத்தச் சொல்லிக் கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"மாத்திட்டாங்க." அவள் தலை குனிந்திருந்தது. "உரிய காலத்துக்கு அப்புறம்னு போட்டு."

போஸ்ட்மாஸ்டர் அவள் தலையில் ஒரு தரம் கை வைத்துவிட்டு இறங்கினார்.

வாசலில் வில்லையை நீட்டினார். வைப்பறைக்காரர் குடையைக் கொடுத்தார், பாட்டிலைக் கொடுத்தார், கடைசியில் பேனாவைக் கொடுத்தார். பதிவேட்டைத் திருப்பி வைத்தார். "ஒரு கையெழுத்து சார், பேனா வந்து சேர்ந்ததுக்கு."

வழக்கமாக இரண்டு எழுத்து கிறுக்குகிறவர் அன்று மூடியைத் திருகித் திறந்தார். நிதானமாக, கட்டத்துக்கு வெளியே போகும் அளவுக்குப் பெரிய எழுத்தில், 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். அதன் கீழே, கேட்காமலே, தன் விலாசத்தை எழுதினார்: இரண்டாம் மாடி, இடது பக்கம்.

"ஒரு பேனாவுக்கு எதுக்கு சார் இவ்வளவு?" என்றார் வைப்பறைக்காரர்.

போஸ்ட்மாஸ்டர் மை காயட்டும் என்று பதிவேட்டை மூடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.